கார் நனையவில்லை, வீடு ஒழுகுகிறது!

ஐப்பசி மழை சோவென்று கொட்டுகிறது. அறை முழுவதும் பாத்திரங்கள்! ஒரு மூலையில் அண்டா, இன்னொரு மூலையில் குண்டான். சுவர் ஓரமாகத் தண்ணீர் சொட்டுகிறது. பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் நனைந்துவிட்டன.

இத்தனைக்கும் அது பல வருடங்களாக ஒழுகாத ஓட்டு வீடு. கோடையில்தான் வீட்டை ஒட்டிக் கார் நிறுத்த ஒரு கொட்டகை போட்டார்கள். இந்தக் காட்சியைப் பல ஊர்களில் பார்க்கலாம். பழி விழுவது ஓட்டின் மேல். ஆனால், குற்றம் ஓட்டில் இல்லை. இரண்டு கூரைகள் சேரும் இடத்தில் இருக்கிறது.

கோழிதான் நுழையும்!

மங்களூர் ஓட்டுக்கு நல்ல சரிவு வேண்டும். ஒரு அடி தள்ளினால் ஆறு அங்குலமாவது இறங்க வேண்டும். இந்த ஓடு 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் ஆலையில் செய்யத் தொடங்கியது. ஒன்றை ஒன்று கவ்விப் பிடிக்கும். சரிவு குறைந்தாலோ, காற்றோடு மழை அடித்தாலோ, தண்ணீர் இடுக்கில் ஏறி உள்ளே வந்துவிடும்.

இப்போது கணக்குப் பாருங்கள். வீட்டுக் கூரையின் இறவாணம் எட்டு அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு அடியில், ஏழரை அடியில் கொட்டகைக் கூரையைத் தொடங்கி வெளிப்பக்கம் சரிக்க வேண்டும். கொட்டகை பத்து அடி அகலம் என்றால் ஐந்து அடி இறங்கிவிடும். மிச்சம் இரண்டரை அடி. அதில் காரா நுழையும்?

ஆகவே, பலர் சரிவைத் திருப்பிவிடுகிறார்கள். கொட்டகையின் தண்ணீர் வீட்டுப் பக்கம் வருகிறது. வீட்டுக் கூரையின் தண்ணீரும் அங்கேதான் வருகிறது. இரண்டு கூரையும் சேர்ந்து 500 சதுர அடி என்று வையுங்கள். ஒரு அங்குலம் மழை பெய்தால் சுமார் 1,180 லிட்டர்! பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் ஏறக்குறைய 80 குடம். அத்தனையும் அந்த ஒரு இடுக்கில்!

வேறு வழி உண்டா?

உண்டு. இடம் இருந்தால் கொட்டகையை மூன்றடி தள்ளித் தனியாகப் போடுவதே மேல். வீட்டுத் தண்ணீர் வீட்டுக்கு, கொட்டகைத் தண்ணீர் கொட்டகைக்கு. சண்டை இல்லை.

இடம் இல்லையென்றால் கொட்டகைக்கு மட்டும் தகரக் கூரை போடலாம். தகரத்துக்கு இவ்வளவு சரிவு வேண்டியதில்லை. அடிக்கு இரண்டு அங்குலம் போதும். இறவாணத்துக்கு அடியில் தொடங்கி வெளிப்பக்கம் சரித்தாலும், ஓரத்தில் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். கார் நுழையும். ஆள்தான் தலையைக் குனிய வேண்டும்!

இரண்டு சரிவும் சந்தித்தே தீரும் என்றால் அங்கே தகர வாய்க்கால் வேண்டும். ஒரு கால் வைத்து நடக்கும் அகலம் இருக்கட்டும். அப்போதுதான் வேப்பிலையை அள்ள முடியும். தகரத்தின் இரண்டு ஓரமும் ஓட்டுக்கு அடியில் ஒரு சாணாவது மேலே ஏற வேண்டும். வாய்க்கால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் தகரம் துருப்பிடித்துவிடும்.

பழைய சுவரை நம்பாதீர்கள்

சிலர் புதுக் கூரையின் கைமரங்களைப் பழைய சுவரிலேயே துளை போட்டு நிறுத்துகிறார்கள். மரமும் கூலியும் மிச்சம் என்று நினைப்பு! பழைய வீட்டின் அஸ்திவாரம் எப்போதோ அமுங்கி முடிந்துவிட்டது. புதுத் தூண் இனிமேல்தான் அமுங்கும். ஒரு பக்கம் நிற்க, ஒரு பக்கம் இறங்கினால் கூரை திருகிக்கொள்ளும். பழைய மண் சுவர் என்றால், மழையில் ஊறியபின் சுமை தாங்காமல் சரிந்தும் விடலாம். கீழே பிள்ளைகள் விளையாடும் இடம் அது! கொட்டகைக்கு இரண்டு பக்கமும் சொந்தத் தூண் வேண்டும்.

அப்படியானால், நடுவில் உள்ள இடைவெளி? சுவரில் ஒரு அங்குல ஆழம் கீறி, தகடு ஒன்றைச் செருகிக் கலவை பூச வேண்டும். தகட்டின் மறு ஓரத்தைப் புதுக் கூரையின் மேல் மடித்துவிட வேண்டும். அந்த ஓரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. கூரை இறங்கினாலும் தகடு கிழியாது. தாரையும் சிமெண்டையும் மட்டும் பூசி அடைப்பது, அடுத்த கோடையில் வெடிப்பதற்குத்தான்.

வேலை முடிந்ததும் புரட்டாசியிலேயே சோதித்துவிடலாம். ஒருவர் மேலே ஏறி, கூரை சேரும் இடத்துக்குச் சற்று மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றட்டும். இன்னொருவர் உள்ளே விளக்கோடு நின்று சுவரைப் பார்க்கட்டும். ஈரம் தெரிந்த இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டுவிட்டு, கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டு போகுமுன் அவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.