அயல் மரங்கள் காடுகளில் பெருகுதல்

ஒரு நிலப்பகுதிக்கு இயற்கையாக உரியதல்லாத, மனிதரால் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மரம் அயல் மரம் எனப்படும். இவ்வாறு வந்த மரங்கள் எல்லாமே காடுகளில் பெருகிவிடுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையிலான கடலோரப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சவுக்கு, சீமைக்கருவேலம், அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ் ஆகிய மூன்று அயல் மரங்கள் இங்கு மிகுதியாக உள்ளன. மூன்றின் போக்கும் வேறு வேறு.

சவுக்கு இங்கு பல தலைமுறைகளாகப் பயிரிடப்பட்டும் தோப்பை விட்டுப் பெரிதாக வெளியேறவில்லை. உதிரும் சருகு தடித்த மெத்தைபோலத் தரையை மூடுவதால் அதன் சிறிய விதை மண்ணைத் தொடுவது அரிது. வெட்டிய அடிமரமும் நன்றாகத் துளிர்ப்பதில்லை. எனவே ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் உழவர் புதிதாக நாற்று நடுகின்றனர். இதே மரம் அமெரிக்காவின் புளோரிடாவில் அகற்ற வேண்டிய களையாகக் கருதப்படுகிறது. ஆகவே மரத்தின் இயல்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வர இயலாது.

சீமைக்கருவேலத்தின் கதை வேறு. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் 1870களில் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆடு மாடுகள் இதன் இலையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இனிப்பான காயையோ விரும்பித் தின்னும். கடினமான தோலுடைய விதை குடலைக் கடந்து சாணத்தோடு, அதாவது எருவோடு சேர்த்தே, வேறிடத்தில் விழுகிறது. மேய்ச்சல் உள்ள ஊரில் இதைவிடச் சிறந்த விதைப்பு முறை இல்லை எனலாம். உவர் நிலத்தையும் வறட்சியையும் தாங்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஏரிக்கரை, தரிசு, கழுவேலி ஈரநிலத்தின் ஓரம் எனத் திறந்து கிடந்த இடங்களையெல்லாம் இது பிடித்துக்கொண்டது.

1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அங்கிருந்தது மழைநீர் அரித்த செம்மண் மேடு. நிழலுக்கும் மண்வளத்துக்கும் ஆஸ்திரேலியப் பகுதியைச் சேர்ந்த அகேசியா நடப்பட்டது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. அதன் நிழலில் நாட்டு மரங்கள் வளர்க்கப்பட்டன. ஆனால் அகேசியா தானாகவும் முளைத்துப் பரவியது. ஆரஞ்சு நிற இழையோடு தொங்கும் விதைகளைப் பறவைகள் கொண்டுசென்றன. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் இம்மரங்கள் பெருமளவில் சாய்ந்தன.

இப்பகுதியின் இயற்கைக் காடு உலர் பசுமைமாறாக் காடு ஆகும். காசான், வீரை, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் கொண்ட இக்காட்டின் எச்சத்தைப் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் காணலாம். இத்தகைய நெருக்கமான நிழலில் வெளிச்சம் வேண்டும் அயல் நாற்று எளிதில் தலையெடுப்பதில்லை. வெட்டப்பட்டோ மேயப்பட்டோ காடு திறந்த பிறகே அதற்கு வழி கிடைக்கிறது. தாயகத்தில் அதை உண்ணும் பூச்சிகளும் தாக்கும் நோய்களும் பல இங்கு இல்லாததும் அதற்குச் சாதகம். எத்தனை மரங்கள், எத்தனை ஆண்டுகள், எத்தனை இடங்களில் நடப்பட்டன என்பது பலரும் கவனிக்காத காரணம். விதை மழைபோல் விழும் இடத்தில் சில விதைகளாவது பிழைத்துவிடும்.

முதுமலைப் பகுதியில் அழகுக்காக வந்த மஞ்சள் கொன்றை இன்று காட்டையே மூடிவருகிறது. அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வகுத்தது. எனினும் அகற்றுவது எளிதன்று. சீமைக்கருவேலத்தை நம்பி விறகு வெட்டுவோரும் கரிமூட்டம் போடுவோரும் உள்ளனர். வேரோடு பிடுங்கினாலும், கிளறப்பட்ட மண்ணில் புதைந்திருந்த பழைய விதைகள் அடுத்த மழைக்கே முளைக்கின்றன. அந்த வெற்றிடத்தில் உடனே நாட்டு மரங்களை நட்டு, சில ஆண்டுகளாவது ஆடு மாடு புகாமல் காத்தால்தான் நிழல் மூடும்.