அகல உழுதவர்

திருகோணமலையில் சுவாமிமலையின் செங்குத்துக்குக் கீழே, கடலடியில் கோயில் தூண்கள் கிடக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது கற்களில் ஒரு பகுதி கோட்டைக்குப் போனது, ஒரு பகுதி கடலுக்குள் விழுந்தது. 1956இல் நண்பர் மைக் வில்சனோடு அங்கே சுழியோடி, அந்த இடிபாடுகளைப் பற்றி எழுதியவர் அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க். (‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது வழக்கம். மலையுச்சியில் நின்று கடலைப் பார்த்துக் கும்பிட்டுவந்த ஊராருக்கு அது புதினமாக இருந்திராது.) ரொக்கெட் கதை எழுதுபவருக்குக் கடலடியில் என்ன வேலை? எடையற்று மிதப்பது எப்படியிருக்கும் என்று பூமியிலேயே அறிந்துகொள்ளத்தான் அவர் சுழியோடப் பழகினார். சிறுவயது முதல் விண்வெளிக் கதைகளில் ஊறிய மனத்துக்குத் தோன்றிய வழி அது.

அகல உழுவதிலும் ஆழ உழு என்பது நமது பழமொழி. பிள்ளை பாடப்புத்தகத்தை வைத்துவிட்டுக் கதைப்புத்தகம் எடுத்தால் வீட்டில் எழுவதும் இதே நியாயம்தான். ஆனால் கிளார்க் முதலில் அரசாங்கக் கணக்காய்வாளர்; போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் வேலை; பட்டம் பெற்றதோ 1948இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1945 ஒக்டோபரில், ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதிவிட்டார்: நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று. அந்தச் சுற்றுப்பாதை புதிதல்ல, 1928இலேயே பொட்டோச்னிக் என்ற பொறியியலாளர் அதைப் பற்றி எழுதியிருந்தார். வானொலிப் பொறியியலாளருக்கு ரொக்கெட்டில் அக்கறையில்லை, ரொக்கெட் பித்தர்களுக்கு வானொலி தெரியாது. இரண்டையும் ஒரே தலையில் வைத்திருந்தவர் கிளார்க். மேலோட்டமாகவும் அல்ல: எவ்வளவு மின்திறன் வேண்டும் என்பதுவரை கணக்குப் போட்டிருந்தார்.

அவர் கற்பனை பிழைத்த இடமும் உண்டு. ஆட்கள் தங்கும் நிலையங்களையே அவர் எண்ணினார். 1964இல் அந்த உயரத்தில் நிலைகொண்ட சின்கொம் 3 ஆளில்லாச் சிறு செயற்கைக்கோள். ஆனால் புனைகதை சோதிடமல்லவே. கிளார்க் ஒரு விதிவிலக்கு என்பாருக்குச் சுஜாதாவைக் காட்டலாம்: ‘என் இனிய இயந்திரா’ எழுதியவர், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு உழைத்த பொறியாளர். கதை படித்த எல்லாரும் இப்படி ஆகவில்லை என்பது சரிதான். பாடப்புத்தகம் படித்த எல்லாருமா ஆனார்கள்? பாடங்களுக்கு நடுவே நாம் போட்ட வேலிகளைக் கதை மதிப்பதில்லை. அதுதான் அதன் உதவி. 1979இல் கிளார்க் எழுதிய நாவலில் பூமியிலிருந்து விண்ணுக்கு ஒரு மின்தூக்கி எழுகிறது. அதற்கு நிலநடுக்கோடு வேண்டும். கதைக்குக் களமான இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. கணக்கை வளைக்க மனமில்லாமல் அவர் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே இழுத்து வைத்தார், இழுத்ததை நூலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு.