புல்லட்டை அறுத்த கதை!

“தம்பி, வண்டி யாருது?”

“அப்பாவோடது, பாய்.”

“அப்பா இருக்காரா?”

“வீட்லதான் இருக்கார்.”

“அவர் இருக்கும்போதேவா அறுக்கச் சொல்றே?”

புதுப்பேட்டையில் மெக்கானிக் பாய் என்னிடம் கேட்ட முதல் மூன்று கேள்விகள் இவை. (நாலாவது கேள்வி: “அட்வான்ஸ் எவ்ளோ வெச்சிருக்கே?”)

வருஷம் 1996. எனக்கு இருபத்தைந்து வயசு. ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். காலையிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர்கள் வண்டியை இடித்த கதைகளைப் படித்து ஃபைல் கட்டுகிற உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. கையில் கொஞ்சம் போனஸ் பணம். இதற்கு மேல் ஒரு மனுஷன் கெட்டுப்போக வேறென்ன வேண்டும்?

நண்பன் ஒருவன் வீட்டில் ‘ஈஸி ரைடர்’ கேசட் போட்டுக் காட்டினான். 1969-ல் வந்த ஹாலிவுட் படம். பீட்டர் ஃபோண்டாவும் டென்னிஸ் ஹாப்பரும் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிறார்கள். கதை எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த வண்டி! முன் சக்கரம் எங்கோ தொலைவில் முன்னால் போக, ஓட்டுகிறவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி பின்னால் வருகிறார். அதுதான் ‘சாப்பர்’.

“சாப்பரா? வெங்காயம் நறுக்குறதாடா?” என்றாள் அம்மா.

கிட்டத்தட்ட அதேதான்! இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க சிப்பாய்கள், கனமான வண்டிகளிலிருந்து மட்கார்டை வெட்டினார்கள், வேண்டாத தகரத்தைக் கழற்றி எறிந்தார்கள். வண்டி லேசானது, வேகம் போனது. அதற்கு ‘பாப்பர்’ என்று பெயர். அடுத்த தலைமுறை சேஸிஸிலேயே கை வைத்தது. முன் ஃபோர்க்கை நீட்டியது. வெட்டி வெட்டிச் செய்ததால் ‘சாப்பர்’ ஆனது. ஈஸி ரைடர் வண்டிகளை உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்துக்காரர்கள். படத்தின் டைட்டிலில் அவர்கள் பெயர் இல்லை. உழைத்தவன் பெயர் போஸ்டரில் வராதது ஹாலிவுட்டிலும் உண்டு போல!

அங்கே ஹார்லி டேவிட்சன், இரட்டை சிலிண்டர். நம்மிடம் இருந்தது அப்பாவின் 1973 மாடல் புல்லட். ஒற்றை சிலிண்டர், 346 சி.சி., 18 குதிரை சக்தி. 1955-லிருந்து மெட்ராஸில் புல்லட் செய்துகொண்டிருந்தார்கள். திருவொற்றியூர் ஃபேக்டரியில் பிறந்த நம்ம ஊர்ப் பிள்ளை. ரயில்வேயில் கிளார்க்காக இருந்த அப்பா சீட்டுப் பிடித்து வாங்கியது. முன்னால் டேங்க் மேல் நான், பின்னால் ஒருக்களித்து அம்மா, மடியில் தங்கை. அப்படித்தான் எங்கள் குடும்பமே வளர்ந்தது.

ரிட்டயர் ஆனதும் அப்பாவுக்கு முழங்கால் வலி. கிக் பண்ண முடியவில்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். சாப்பர் ஆசையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “வண்டி உன்னுது. உன் இஷ்டம்” என்றார்.

அப்பாக்கள் சொல்கிற வாக்கியங்களிலேயே ரொம்ப ஆபத்தானது இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாய் வேலையை ஆரம்பித்தார். முதலில் கழன்றது ஸாரி கார்டு. அடுத்து நீள சீட்டு, அம்மா பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. பின் மட்கார்டில் பாதியை ஹேக்ஸா பிளேடால் அறுத்து எறிந்தார். சைக்கிள் சீட்டைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒற்றை ஸீட் வந்தது. பார்க்க வந்த அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். “நல்லாத்தான்டா இருக்கு. நான் எங்க உட்கார்றது?” என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். பாய் சிரிக்கவில்லை.

பெரிய டேங்க் போய், தகரம் தட்டிச் செய்த குட்டி டேங்க் வந்தது. பார்க்க நிலக்கடலை மாதிரி அழகு. கொள்ளளவும் கிட்டத்தட்ட அதேதான்! ஹேண்டில்பார் தோளுக்கு மேலே உயர்ந்தது. உடனே கிளட்ச் கேபிள் எட்டவில்லை, ஆக்ஸிலேட்டர் கேபிள் எட்டவில்லை, பிரேக் கேபிள் எட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஜி.பி. ரோடு கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு சாமானை மாற்றினால் அது ஒன்பது சாமானைத் துணைக்குக் கூப்பிடும். இதுதான் மாடிஃபிகேஷனின் முதல் விதி. ஹெட்லைட்டைச் சுற்றியிருந்த பெரிய கூடும் போனது. அதோடு ஆம்மீட்டரும் போனது.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று தெரியும். கிக்கரை மெள்ள அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு இம்மி அழுத்தி, லீவரை விட்டுவிட்டு, பிறகு ஒரே உதை. ‘டப்... டப்... டப்...’ முள் இல்லாவிட்டால் குத்துமதிப்புதான். குறி தப்பினால் கிக்கர் திரும்பி உதைக்கும். ஆபீஸில் ஒரு வாரம் நொண்டினேன். “மாடு முட்டிடுச்சு ஸார்” என்று மேனேஜரிடம் சொன்னேன். ஒரு வகையில் உண்மைதான்.

இனி மெயின் விஷயம்: ஃபோர்க்.

“கழுத்தை அறுத்து முன்னால சாய்ச்சுடுங்க பாய். அப்பதான் ஒரிஜினல் சாப்பர்” என்றேன். பாய் ஒரு பழைய துணியால் வண்டியின் கழுத்தைத் துடைத்தார். அழுக்குக்கு அடியில் எண்கள் தெரிந்தன.

“இன்னா இது?”

“சேஸிஸ் நம்பர்.”

“இதுல பிளேடு பட்டா, நாளைக்கு போலீஸு கேக்கும்போது, உங்க அப்பன் வண்டியவே நீ திருடினதா ஆயிடும். கழுத்துல நான் கை வைக்க மாட்டேன்.”

புதுப்பேட்டையில் அத்தனை வண்டிகளைப் பிரித்த மனிதர் அப்படிச் சொன்னதும் நான் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. கழுத்து வேண்டாம், ஃபோர்க்கையாவது நீட்டலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்கும் பாய் மறுத்தார். வேறொரு லேத் பட்டறையில், ஃபோர்க் குழாய்களின் மேல் முனையில் மரை வெட்டி, ஆறு அங்குலத் துண்டு இரண்டைச் செய்து முறுக்கிக்கொண்டு வந்தேன். வேறு வழியில்லாமல் பாய் மாட்டினார்.

இங்கே கொஞ்சம் பாடம். தூங்காமல் கேளுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது!

ஹேண்டில்பார் திரும்புகிற அச்சை ஒரு கோடாக நினைத்து, தரை வரை நீட்டிப் பாருங்கள். முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அந்தக் கோடு போய் இறங்கும். இந்த இடைவெளிக்கு ‘ட்ரெயில்’ என்று பெயர். டிபார்ட்மென்ட் ஸ்டோர் தள்ளுவண்டியை நீங்கள் எந்தப் பக்கம் தள்ளினாலும் குட்டிச் சக்கரம் தானே பின்னால் திரும்பி நேராகிறதே, அதே தத்துவம்தான். ட்ரெயில் இருப்பதால்தான் வண்டி நேராகப் போகிறது.

ஃபோர்க்கை நீட்டினால் வண்டியின் மூக்கு மேலே எழும்பும். சாய்வு கூடும், ட்ரெயிலும் கூடும். நேர் ரோட்டில் ரயில் மாதிரி போகும். ஆனால் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் தொபுக்கென்று ஒரு பக்கம் சாயப் பார்க்கும். மவுன்ட் ரோடில் நான் ‘யு’ டர்ன் அடித்தால் பல்லவன் பஸ்ஸே நின்று வழிவிடும். அதோடு, நெம்புகோல் எவ்வளவு நீளமோ அவ்வளவு பலம் அடியில் விழும் இல்லையா? நீண்ட ஃபோர்க்கில் ஒவ்வொரு பள்ளமும் மேலே இருக்கிற இணைப்பைத்தான் அடிக்கிறது. முறையாகச் சாப்பர் கட்டுகிறவர்கள் சாய்வு, ட்ரெயில், குழாயின் கனம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, முழு நீளக் குழாயாகவே போடுவார்கள். நான் போட்டது கணக்கு இல்லை, ஒட்டு!

இரண்டு மாதம் ராஜா மாதிரி திரிந்தேன். பீச் ரோடில் காலேஜ் பையன்கள் கை காட்டினார்கள். தங்கை மட்டும், “கோயில் மாடு ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்கே” என்றாள். வெள்ளிக்கிழமைகளில் அம்மா பஸ்ஸில் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். நான் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகாபலிபுரம் ரோடில், கோவளம் தாண்டி, சுமார் அறுபது கிலோமீட்டர் வேகம். ஒரு பள்ளம். ‘டங்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஹேண்டில்பார் என் கையில் உதறியது. நான் இடதுபக்கம் திருப்புகிறேன், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகிறது. எதிரே ஒரு லாரி. பிரேக்கை மிதித்தது நினைவிருக்கிறது. பிறகு சவுக்குத் தோப்பு, மணல், வாயெல்லாம் மண்.

எழுந்து பார்த்தேன். முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டியின் இடது ஃபோர்க்கில், ஒட்டுப் போட்ட இடத்தில் மரை பிய்ந்து, குழாய் பாதி வெளியே வந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் முழுசாகக் கழன்றிருக்கும். மணலில் உட்கார்ந்தேன். கால் நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. ஆபீஸில் நான் கட்டிய ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

ஒரு மீன் வண்டியில் புல்லட்டை ஏற்றிக்கொண்டு புதுப்பேட்டை போனேன். பாய் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. உள்ளே போய், கட்டி வைத்திருந்த ஒரு கோணிச்சாக்கை இழுத்து வந்து அவிழ்த்தார். பழைய டேங்க், ஹெட்லைட் கூடு, ஆம்மீட்டர், நீள சீட்டு, கைப்பிடி, ஸாரி கார்டு... எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, பேப்பரில் சுற்றி இருந்தன.

“எப்படி பாய்? வித்திருப்பீங்கன்னு நினைச்சேன்!”

“நீ வண்டிய வுட்டுட்டுப் போன மறுநாளே உங்க அப்பா வந்தாரு. பஸ்ஸுல வந்தாரு, பாவம். ‘பையன் ஆசைப்படறான், செஞ்சு குடு. ஆனா கழட்டுறத எதையும் விக்காத’ன்னு சொல்லி முந்நூறு ரூபா குடுத்துட்டுப் போனாரு. கழுத்துல கை வெக்காதேன்னு சொன்னதும் அவருதான்.”

எனக்குப் பேச்சு வரவில்லை.

பழைய ஃபோர்க் குழாய்களை மட்டும் நான் மரை வெட்டிக் கெடுத்துவிட்டேன். அந்தக் குழாய்களைப் புதிதாக வாங்கிப் போட்டோம். மற்றதெல்லாம் பத்து நாளில் பழையபடி ஏறியது. அறுத்த மட்கார்டை மட்டும் மீட்க முடியவில்லை. அரை மட்கார்டு ஒன்றைத் தேடி வைத்துப் பற்ற வைத்தார் பாய். அந்த வெல்டிங் தழும்பு இன்றும் இருக்கிறது. கழற்றியதெல்லாம் திரும்பி வந்தது, அறுத்தது வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “சேஸிஸ் நம்பர் பத்திரமா இருக்கா?” என்று மட்டும் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

இதைப் படித்துவிட்டு, ‘நானும் ஒன்று பண்ணப் போறேன்’ என்று கிளம்பும் தம்பிகளுக்கு, முன்னாள் இன்ஷூரன்ஸ்காரனாக நாலு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். அந்த மாதிரி லெட்டர்களை நானே டைப் அடித்திருக்கிறேன். இன்னொன்று: பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும், துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு தடுப்பும் இருக்க வேண்டும் என்பது 1989-ம் வருஷ மத்திய விதிகளில் 123-வது விதி. அதாவது, “நான் எங்க உட்கார்றது?” என்று அம்மா கேட்டது சட்டப்படி சரியான கேள்வி!

சாப்பர் ஆசையே தப்பு என்று சொல்லவில்லை. ராயல் என்ஃபீல்டே 2024 நவம்பரில் ‘கோவான் கிளாசிக் 350’ என்று பாப்பர் ஸ்டைல் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. உயர்ந்த ஹேண்டில்பார், தாழ்ந்த ஒற்றை ஸீட். ஆனால் அதிலும் பின் ஸீட்டைக் கழற்றி மாட்டலாம். கம்பெனிக்காரர்களுக்கும் அம்மா உண்டே!

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. புல்லட் இருக்கிறது. போன மாதம் என் பையன் வந்து நின்றான். காலேஜ் படிக்கிறான். “அப்பா, நம்ம பழைய புல்லட்டை சாப்பர் ஆக்கலாமா?” என்றான்.

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “வண்டி உன்னுது. உன் இஷ்டம்” என்றேன்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய், நல்ல கெட்டியான கோணிச்சாக்கு ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.