வாங்கெல் பொறி மறுகட்டமைப்பு

வாங்கெல் பொறி மறுகட்டமைப்பு என்பது, தேய்ந்த அல்லது பழுதடைந்த சுழல் உள்ளெரி பொறி ஒன்றை முழுவதும் பிரித்து, அளந்து, தேவையான உட்பாகங்களை மாற்றி மீண்டும் பூட்டும் பணியாகும். பொறியின் ஆற்றலையோ ஆயுளையோ கூட்டும் நோக்கில் சில பாகங்கள் இப்பணியின்போது மேம்பட்ட பாகங்களால் மாற்றப்படுவதும் உண்டு. மாஸ்டா நிறுவனத்தின் ஆர்எக்ஸ்-7 (1978-2002), ஆர்எக்ஸ்-8 (2003-2012) ஆகிய சீருந்துகளின் பொறிகளே உலகில் பெரும்பாலும் இவ்வாறு மறுகட்டமைக்கப்படுகின்றன. இக்கட்டுரை அவற்றுள் பரவலாக அறியப்பட்ட 13பி பொறியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பொறியின் அமைப்பு

வாங்கெல் பொறியில் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன் இல்லை. மூன்று முகங்கள் கொண்ட, முக்கோணம் போன்ற சுழலி ஒன்று, இடையில் சற்று ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற உறைக்குள் சுற்றுகிறது. சுழலியின் மூன்று முனைகளும் எப்போதும் உறையின் உட்சுவரைத் தொட்டபடியே செல்வதால், சுழலிக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உருவாகின்றன. அவை மாறி மாறி விரிந்து சுருங்க, உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் என்ற நான்கு நிலைகளும் நிகழ்கின்றன. சுழலி ஒருமுறை சுற்றும்போது மையவிலகு தண்டு மூன்று முறை சுற்றும்.

13பி பொறியில் இரண்டு சுழலிகள் உள்ளன. ஒவ்வொன்றின் கொள்ளளவும் 654 கன செ.மீ.; மொத்தம் 1308 கன செ.மீ. இட்லிக் கொப்பரையின் தட்டுகள் நடுத்தண்டில் அடுக்கப்படுவதைப் போல, மூன்று வார்ப்பிரும்புப் பக்கத் தகடுகளும் அவற்றுக்கு இடையே இரண்டு அலுமினியச் சுழலி உறைகளும் அடுக்கப்பட்டு, நீண்ட திருகாணிகளால் இறுக்கப்படுகின்றன.

வளிமத்தை அறைக்குள் நிறுத்தும் பணியை மூவகை அடைப்புகள் செய்கின்றன. ஒவ்வொரு சுழலியிலும் மூன்று முனை அடைப்புகள், ஆறு மூலை அடைப்புகள், ஆறு பக்க அடைப்புகள் உள்ளன. இவற்றுள் அபெக்ஸ் சீல் எனப்படும் முனை அடைப்பே மிகுதியாகத் தேய்வது.

பிஸ்டன் பொறியிலிருந்து வேறுபாடு

கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் லேத் பட்டறைகளில் உழவு இயந்திரம், சரக்குந்து, டீசல் நீரிறைப்பான் ஆகியவற்றின் பொறிகள் மறுகட்டமைக்கப்படும் முறை பலரும் அறிந்தது. தேய்ந்த சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் வளையங்களும் பொருத்துவர். அல்லது புதிய லைனர் இறக்குவர். உருளை வடிவத் துளையைச் சிறிது பெரிதாக்கினாலும் அது உருளையாகவே இருப்பதால் இது இயலுகிறது.

சுழல் பொறியில் இவ்வழி இல்லை. உறையின் உட்சுவர் வளைவு, சுழலியின் அளவோடும் மையவிலகு தண்டின் விலக்கத்தோடும் கணக்கால் பிணைக்கப்பட்டது. மேலும், அலுமினிய உறைக்குள் பதிக்கப்பட்ட மெல்லிய எஃகுத் தகட்டின்மீது குரோமியம் பூசப்பட்டே அச்சுவர் அமைந்துள்ளது. பூச்சு உரிந்தாலோ ஆழமாகக் கீறப்பட்டாலோ பெரும்பாலும் உறையையே மாற்ற வேண்டும். எனவே, மறுகட்டமைப்பில் செய்யப்படும் ஒவ்வொரு தெரிவும் உறையைக் காக்கிறதா என்பதே முதன்மையான வினா.

பரிசோதனையும் அளவீடும்

பிரிப்பதற்கு முன் அமுக்க அழுத்தம் அளக்கப்படுகிறது. ஒரே உறைக்குள் மூன்று அறைகள் மாறி மாறி வருவதால், சாதாரண அழுத்தமானி அவற்றுள் உயர்ந்த அளவை மட்டுமே காட்டும். மூன்று முகங்களையும் தனித்தனியே பதியும் மின்னணுக் கருவி தேவை. 13பி பொறிக்கு நிமிடத்துக்கு 250 சுற்றில் சதுர செ.மீ.க்கு 8.5 கி.கி. இயல்பான அளவாகவும், 6 கி.கி. கீழ் எல்லையாகவும் கொள்ளப்படுகின்றன. ஒரு முகம் மட்டும் தாழ்ந்திருந்தால் அம்முகத்தின் அடைப்பு ஒன்று உடைந்திருக்கக்கூடும்.

பிரித்தபின் கவனிக்கப்படும் முக்கிய அளவுகள்:
* பக்கத் தகட்டில் அடைப்புகள் உரசி உண்டான படித் தேய்மானம்: 0.10 மி.மீ.க்கு மேல் கூடாது.
* பக்க அடைப்புக்கும் மூலை அடைப்புக்கும் இடையிலான இடைவெளி: புதிதாகப் பொருத்தும்போது 0.05 முதல் 0.15 மி.மீ.
* மையவிலகு தண்டின் முன்பின் அசைவு: 0.04 முதல் 0.07 மி.மீ.

மேம்படுத்தப்படும் பாகங்கள்

முனை அடைப்புகள்: தொழிற்சாலை அடைப்புகள் வார்ப்பிரும்பால் ஆனவை. இவை குரோமியச் சுவரோடு நன்கு இணங்கி நெடுங்காலம் உழைக்கும். ஆனால் எரிபொருட்கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல் ஏற்பட்டால் நொறுங்கிவிடும். உடைந்த துண்டு சுவரைக் கீறி, வெளியேற்றத் துறை வழியாகச் சென்று, டர்போ உள்ள பொறியில் அதன் விசிறியையும் சிதைக்கும். இதைத் தவிர்க்கக் கலப்பெஃகு அடைப்புகள் விற்கப்படுகின்றன. இவை உடையாமல் வளையும் தன்மை கொண்டவை. ஆயினும் உலோகத்தின் தன்மைக்கேற்பச் சில வகைகள் உறைச் சுவரை விரைவாகத் தேய்க்கின்றன. சிலிக்கான் நைட்ரைடு போன்ற சுடுமண் வகைப் பொருட்களாலான அடைப்புகள் எடை குறைந்தவை, உராய்வு குறைந்தவை. விலையோ மிக அதிகம்.

1986 முதல் வந்த 13பி பொறிகளில் முனை அடைப்பின் தடிமன் 2 மி.மீ. ஆகும். சுழலியின் காடியை அகலப்படுத்தி 3 மி.மீ. அடைப்பு பொருத்துவோரும் உண்டு. தடித்த அடைப்பு எளிதில் உடையாது. ஆனால் எடை கூடுவதால் அதிக வேகத்தில் சுவரை மேலும் அழுத்தும். அகலப்படுத்திய காடியைப் பழைய அளவுக்குக் கொண்டுவர இயலாது.

நீர் அடைப்புகள்: அலுமினியமும் வார்ப்பிரும்பும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிபவை. பொறி அளவுமீறிச் சூடானால் இவ்விரண்டின் இணைப்பில் உள்ள மீள்ம வளையங்கள் பழுதாகி, குளிர்நீர் எரியறைக்குள் கசியும். கல்வராயன் மலைப்பாதை போன்ற நீண்ட ஏற்றங்களில் குறைந்த வேகத்தில், அதிகச் சுமையுடன் செல்லும்போது வெப்பம் மிகுவதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். மறுகட்டமைப்பில் எல்லா நீர் அடைப்புகளும் புதிதாக்கப்படுகின்றன. பெரிய குளிர்விப்பானும் பரிந்துரைக்கப்படுகிறது.

எண்ணெய்த் தொகுதி: முனை அடைப்புகளுக்கு உயவு தர, சிறு பம்பு ஒன்று எரியறைக்குள் அளவாக எண்ணெய் செலுத்துகிறது. ஆகவே இப்பொறி எண்ணெயை எரிப்பது பழுதன்று. எண்ணெய் அழுத்தத்தை உயர்த்தும் வால்வு, கடினப்படுத்திய நிலைப் பற்சக்கரம் ஆகியவை அதிவேகப் பயன்பாட்டுக்குப் பொருத்தப்படுகின்றன.

துறைகள்: காற்று நுழையும் துறையை அரம் கொண்டு விரிவாக்கினால் உயர் வேகத்தில் ஆற்றல் கூடும்; மிகையாக விரித்தால் தாழ் வேக ஓட்டம் சீர்கெடும்.

மேம்பாட்டின் எல்லை

உறுதியான அடைப்பு தட்டலைத் தடுப்பதில்லை; அதன் விளைவைத் தாங்கிக்கொள்ளவே செய்கிறது. தட்டலின் காரணங்கள் எரிபொருள் பற்றாக்குறை, தவறான எரியூட்டு நேரம், மிகை வெப்பம், மிகை டர்போ அழுத்தம் ஆகியனவாகும். இவற்றைச் சரிசெய்யாமல் உடையாத அடைப்பை மட்டும் பொருத்தினால், சுழலி, தாங்கி, பக்கத் தகடு ஆகியவை அந்த அதிர்ச்சியை ஏற்க நேரிடும். இதனால் அன்றாடப் பயன்பாட்டுப் பொறிகளுக்குத் தொழிற்சாலை அடைப்புகளும் சீரான எரிபொருள், குளிர்விப்பு அமைப்புகளுமே போதும் என்பது பல மறுகட்டமைப்பாளரின் நிலைப்பாடு.

வரலாறு

செருமானியரான பெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்த பொறி 1957இல் என்எஸ்யு நிறுவனத்தில் முதன்முதலாக இயங்கியது. அந்நிறுவனம் 1967இல் வெளியிட்ட ரோ 80 சீருந்தில் அடைப்புகள் விரைவில் தேய்ந்ததால் ஏராளமான பொறிகளை உத்தரவாதத்தின் கீழ் மாற்ற நேர்ந்தது. சப்பானில் கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான மாஸ்டா பொறியாளர்கள், உறைச் சுவரில் அலை அலையாகத் தோன்றிய தழும்புகளை எதிர்கொண்டனர். அவற்றைப் பிசாசின் நகக்கீறல்கள் என்று அழைத்தனர். அடைப்பின் அதிர்வே காரணம் எனக் கண்டறிந்து, அலுமினியம் ஊட்டிய கரிம அடைப்பை உருவாக்கி, 1967இல் காஸ்மோ இசுபோர்ட்டு சீருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1991இல் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற 787பி, சுடுமண் வகை முனை அடைப்புகள் கொண்ட நான்கு சுழலிப் பொறியால் இயங்கியது. 2023இல் வெளிவந்த மாஸ்டாவின் 830 கன செ.மீ. ஒற்றைச் சுழலிப் பொறி, சக்கரத்தை நேரடியாகச் சுழற்றாமல் மின்னாக்கியை இயக்குகிறது. இதில் முனை அடைப்பின் தடிமன் 2.5 மி.மீ. ஆக்கப்பட்டுள்ளது.

இந்தியாவில்

மாஸ்டா என்ற பெயர் இந்தியாவில் சுவராஜ் மாஸ்டா சரக்குந்துகள் வழியே அறியப்பட்டது. அவை டீசல் பிஸ்டன் பொறி கொண்டவை. இந்தியாவில் வாங்கெல் பொறி உருவாக்கப்பட்டது வானூர்திக்காகவே. நிசாந்த் என்ற ஆளில்லா வானூர்தியில் முதலில் இறக்குமதி செய்யப்பட்ட சுழல் பொறி பயன்பட்டது. அதற்கு மாற்றாக, பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகமும் அகமதுநகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஊர்தி ஆய்வு நிறுவனமும் இணைந்து 55 குதிரைத்திறன் பொறியை உருவாக்கின. இது 2009 ஏப்ரலில் கோலார் அருகே நிசாந்தில் பறந்து சோதிக்கப்பட்டது. சுழல் பொறி மோட்டார் மிதிவண்டிகளை முன்னர்த் தயாரித்த பிரித்தானிய நார்ட்டன் நிறுவனத்தை, தமிழ்நாட்டின் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2020இல் வாங்கியது.