உங்களுக்குத் தெரியுமா? முத்துக்கரைச் சந்தை விசேஷங்கள்!

● தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். பக்கத்திலேயே பழையகாயல். 700 வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய சரக்கு என்ன தெரியுமா? மீனா? உப்பா? இல்லவே இல்லை, அரபுக் குதிரை! பாண்டிய நாட்டுக்கும் அக்கம்பக்கத்துத் துறைகளுக்கும் வருஷத்துக்கு 10,000 என்று கணக்கு எழுதியிருக்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப்!

● ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வரும் வழியில் குதிரை செத்தாலும் வியாபாரிக்கு நஷ்டமில்லை. முழுப் பணமும் பாண்டியர் கஜானாவிலிருந்து வந்துவிடும்!

● வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? மார்க்கோ போலோவைக் கேளுங்கள். மன்னர் 2,000, தம்பிமார் நால்வரும் ஆளுக்கு 2,000 என்று வாங்குவார்களாம். வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாதாம். தீனி அப்படி. குதிரைக்குப் போட்டது கறிச்சோறு!

● அதே மார்க்கோ போலோ சொல்லும் இன்னொரு தொழிலைக் கேட்டால் அசந்து போவீர்கள். முத்துக் குளிப்பவரைக் கடிக்காதபடி சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது! கூலி, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு. நாடாளும் மன்னருக்கே பத்தில் ஒன்றுதான்!

● பொழுது சாய்ந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள். ஏன்? ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்கக் கூடாதாம்! சுறாதான் காவல்காரன்!

● வெள்ளைக்காரன் காலத்து முத்துச் சந்தை ஒரு பெரிய சூதாட்டம். சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். திறக்காத சிப்பி! உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா? ஏலம் விடுகிறவருக்கும் தெரியாது, எடுக்கிறவருக்கும் தெரியாது!

● மூச்சடக்கி மூழ்கியவருக்குச் சம்பளம் காசு அல்ல, சிப்பி! எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கரையிலேயே விற்பார்கள். கையில் சில்லறை உள்ளவரும் நாலு சிப்பி வாங்கி அதிர்ஷ்டத்தைச் சோதிக்கலாம்!

● முத்தைத் தரம் பிரிக்க என்ன கருவி வைத்திருந்தார்கள்? சல்லடை! ஒன்றல்ல, 10 பித்தளைச் சல்லடைகள். முதல் சல்லடையில் 20 துளை. கடைசிச் சல்லடையில் 1,000 துளை!

● முத்து எல்லாம் ஒரே முத்து என்று நினைத்தீர்களா? ஆணி, அணதாரி, கலிப்பு, குறுவல், வடிவு, தூள் என்று நீள்கிறது பட்டியல். ஆணிமுத்துதான் ராஜா!

● எதிர்க்கரைக்கு ஒரு எட்டு போவோம். இலங்கையின் மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டி. வெறும் மணல்வெளி. 1905-இல் முத்துக்குளிப்பு அறிவித்ததும் கடை, தெரு, அரசாங்க ஆபீஸ் என்று ஒரு நகரமே முளைத்துவிட்டது. அந்த ஒரே பருவத்தில் அள்ளிய சிப்பி 8 கோடிக்கு மேல்!

● முத்து வியாபாரிகள் விலையை வாயால் சொல்லவே மாட்டார்கள். துணிக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது! இன்றைக்கும் நம் மாட்டுச்சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு இதே வித்தையைத்தான் காட்டுகிறார்கள்!

● தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். அதோடு சரி! ஆனால் 1973-இல் அதே தூத்துக்குடிப் பக்கம் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை விளைய வைத்துவிட்டார்கள்!

● முத்து போனாலும் சங்கு இருக்கிறது. தூத்துக்குடிக்காரர் மூழ்கி எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது. அங்கே கல்யாணப் பெண்ணின் கையில் மின்னுவது நம்ம ஊர்க் கடல்!

● புன்னைக்காயலுக்குப் பக்கத்தில் ஆத்தூர். சேலத்து ஆத்தூர் இல்லை, தாமிரபரணி ஆத்தூர்! இங்கே வெற்றிலைதான் ராஜ்ஜியம். நாட்டுக்கொடி, கற்பூரி, பச்சைக்கொடி என்று மூன்று ரகம். 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது இந்த ஊர் வெற்றிலை!

● தூத்துக்குடி என்ற ஒரே மாவட்டத்தில் எத்தனை முத்திரை பாருங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இலேயே குறியீடு. உடன்குடிக் கருப்பட்டிக்கும் உண்டு. வெற்றிலையோடு சேர்த்தால் மூன்று. மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வந்துவிடலாம்!

● ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க இந்தக் கரைக்கு ஓடாதீர்கள்! கத்தோலிக்க மீனவர் ஊர்களில் அன்றைக்கு வலைக்கும் லீவு, வள்ளத்துக்கும் லீவு. முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் ஞாயிறு ஓய்வுதான்!

● எட்டயபுரம் என்றால் பாரதி மட்டுமா? சனிக்கிழமை ஆட்டுச்சந்தையும்தான்! விடியும் முன்பே வியாபாரம் களைகட்டிவிடும். தராசு கிடையாது, கண்மதிப்புதான். தீபாவளி, பக்ரீத் வாரத்தில் கைமாறும் பணம் லட்சத்தில் இல்லை, கோடியில்!

● அங்கே நிற்கும் ஆட்டின் முகத்தை உற்றுப் பாருங்கள். கறுப்பு முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு இருந்தால் கன்னி ஆடு. கால் நீண்டு, உடம்பெல்லாம் புள்ளி தெறித்தாற்போல் இருந்தால் கொடி ஆடு. இரண்டும் இந்தக் கரிசல் மண்ணின் சொந்த இனம்!

● அப்புறம் என்ன? அடுத்த சனிக்கிழமை விடியலில் எட்டயபுரம், மத்தியானம் ஆத்தூர் வெற்றிலை, சாயங்காலம் புன்னைக்காயல் கரை. பையோடு கிளம்புங்கள். விலை கேட்கும்போது மட்டும் விரலை ஜாக்கிரதையாக நீட்டுங்கள்!