பாட்டி வீட்டு ஜமக்காளம்: தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பாகம் பிரிக்கும்போது நகைக்கும் நிலத்துக்கும் கணக்கு போடுறோம். பரண்ல கிடக்கிற ஜமக்காளம் மட்டும் பழைய துணிக்காரர்கிட்ட போயிடுது. திருப்பூர், ஈரோடு பக்கம்னா அது பவானி ஜமக்காளமா இருக்க வாய்ப்பு அதிகம். 2005-06லேயே புவிசார் குறியீடு வாங்கின பொருள் அது.

அடையாளம்: திருப்பிப் பாருங்க. தடிமனான பருத்தி நூல், ரெண்டு பக்கமும் ஒரே வண்ணப் பட்டைகள் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் டிசைன்னா அது அச்சா இருக்கலாம். கைத்தறியா, விசைத்தறியான்னு சந்தேகமா? பவானி நெசவாளர்கிட்ட காட்டுங்க.

வரி: வாரிசா வந்ததுக்கு வருமான வரி இல்லை. வீட்டு உபயோகத்துக்கு வச்சிருந்ததை வித்தாலும் மூலதன ஆதாய வரி வராது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருளுக்கு இந்த விலக்கு கிடையாது.

மதிப்பு: பழசுக்கு என்ன தருவாங்கன்னு கேட்காதீங்க. இதே அளவுல புதுக் கைத்தறி ஜமக்காளம் என்ன விலைன்னு கேளுங்க. உங்களுக்கு மிச்சமாகுற பணம் அதுதான்.

பராமரிப்பு: நனைக்கிறதுக்கு முன்னாடி ஈரமான வெள்ளை பனியன் துணியால ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஒட்டினா வீட்டுல துவைக்க வேண்டாம். தூசி மட்டும் தட்டுங்க. நிழல்ல உலர்த்தி, மடிக்காம சுருட்டி, காய்ந்த வேப்பிலையோட வைங்க. ஈரத்தோட மட்டும் பரணுக்கு ஏத்தாதீங்க.