மிசிசிப்பிக்குக் கிழக்கே ஸ்பைடர்மேன் யாரோட ஆளு?

முதல்ல ஒரு சின்ன க்விஸ்.

ஸ்பைடர்மேன் எந்தக் கம்பெனியோட கேரக்டர்? "மார்வெல்" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். மார்வெல் யாருக்குச் சொந்தம்? டிஸ்னிக்கு. சரி, அப்படியென்றால் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போனால் ஸ்பைடர்மேன் ரைடில் ஏறலாம்தானே?

ஏற முடியாது. அதற்கு நீங்கள் காரில் அரை மணி நேரம் போய், டிஸ்னியின் நேரடிப் போட்டியாளரான யுனிவர்சல் பூங்காவில் டிக்கெட் எடுக்கணும். அங்கேதான் ஸ்பைடர்மேன் இருக்கிறார். ஹல்க்கும் இருக்கிறார், எக்ஸ்-மென்னும் இருக்கிறார்கள். சொந்தக்காரர் ஒரு பக்கம், சரக்கு எதிராளி கடையில். இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வீடு கைமாறிடுச்சு, குடித்தனக்காரர் மாறலை

கதை 1994-ல் ஆரம்பிக்கிறது. அப்போ மார்வெல் என்பது முக்கியமாக ஒரு காமிக்ஸ் கம்பெனி. ராபர்ட் டவுனி ஜூனியர் இரும்புச் சட்டையை மாட்டுவதற்கு இன்னும் 14 வருஷம் இருக்கு. யுனிவர்சலின் தாய் நிறுவனமாக இருந்த எம்.சி.ஏ., ஆர்லாண்டோவில் இரண்டாவதாக ஒரு பூங்கா கட்டத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் தெரிந்த கேரக்டர்கள் தேவை. இரண்டு தரப்பும் 1994 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். 1999 மே மாதம் 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' பூங்கா திறந்தபோது, அதில் ஒரு முழுப் பகுதியே மார்வெல் சூப்பர் ஹீரோக்களுக்கு.

இடைப்பட்ட காலத்தில், 1996 டிசம்பரில், மார்வெல் திவால் மனு கொடுத்தது என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்தக் கம்பெனி இவ்வளவு பெரிய ஆளாக வரும் என்று அன்றைக்கு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

பிறகு 2009-ல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து மார்வெலை வாங்கியது. வாங்கியாச்சு, இனிமேல் யுனிவர்சலில் இருந்து ஸ்பைடர்மேனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே? அங்கேதான் இடிக்குது. நீங்கள் ஒரு வீடு வாங்குகிறீர்கள். உள்ளே ஒரு குடித்தனக்காரர் இருக்கிறார். பழைய ஓனர் அவருக்கு, "வாடகையை ஒழுங்காகக் கொடுத்து, வீட்டை நல்லபடியாக வைத்திருக்கிற வரைக்கும் நீங்கள் இங்கேயே இருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்திரம் உங்கள் பெயருக்கு மாறினாலும் அந்த எழுத்து மாறாது. வாடகை மட்டும் இனி உங்கள் கைக்கு வரும், அவ்வளவுதான். ஆர்லாண்டோவிலும் அதுதான் நடக்கிறது. யுனிவர்சல் கட்டுகிற உரிமத் தொகை இன்றைக்கு டிஸ்னி குடும்பத்துக்குத்தான் போகிறது. ஆனால் காலி பண்ணச் சொல்ல முடியாது.

யுனிவர்சலும் வீட்டைப் பாழடைய விடவில்லை. ஹல்க் ரோலர் கோஸ்டரை 2015-ல் நிறுத்தி, பெரிய அளவில் புதுப்பித்து, 2016-ல் திரும்ப ஓட விட்டார்கள். "நாங்க போறதா இல்லை" என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

ஒரு ஆறு, ஒரு குடும்பம், ஒரு பெயர்

அந்த ஒப்பந்தத்தை மார்வெல் அமெரிக்காவின் எஸ்.இ.சி. அமைப்பிடம் தாக்கல் செய்திருந்ததால், பொதுவெளியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் மூன்று விஷயங்கள் ரொம்ப முக்கியம்.

முதலாவது, ஆறு. மிசிசிப்பி ஆறு அமெரிக்காவை வடக்கே இருந்து தெற்காக வெட்டிக்கொண்டு ஓடுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே, யுனிவர்சல் பயன்படுத்துகிற கேரக்டர்களை வேறு எந்தத் தீம் பார்க்கும் தொடக்கூடாது. மேற்கே அந்தத் தடை இல்லை. ஃபுளோரிடா கிழக்கே, கலிஃபோர்னியா மேற்கே. அதனால்தான் கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் ஸ்பைடர்மேன் தாராளமாக உலாவுகிறார், ஃபுளோரிடாவில் அவருக்கு இடமில்லை.

இரண்டாவது, குடும்பம். ஒரு கேரக்டரை யுனிவர்சல் பயன்படுத்தினால், அந்தக் கேரக்டரின் 'குடும்பமே' பூட்டப்படும். எடுத்துக்காட்டாக அவெஞ்சர்ஸில் ஒருவர் யுனிவர்சலில் இருந்தால் அவெஞ்சர்ஸ் மொத்தப் பேரும் அந்தக் கணக்கில் வருவார்கள். ஹீரோவோடு அவருடைய வில்லன்களும் சேர்த்தி. அதனால் அயர்ன் மேனுக்கு யுனிவர்சலில் தனி ரைடு இல்லை என்றாலும், ஃபுளோரிடாவில் டிஸ்னி அவருக்கு ரைடு கட்ட முடியாது.

இந்தப் பூட்டில் ஒரு ஓட்டையும் உண்டு. குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்கள் பூட்டப்படவில்லை. 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' ஆட்களை யுனிவர்சல் பயன்படுத்தவில்லை. டிஸ்னி அந்த ஓட்டையில் நுழைந்து, 2022 மே மாதம் ஃபுளோரிடாவின் எப்காட் பூங்காவில் 'காஸ்மிக் ரீவைண்ட்' என்ற ரோலர் கோஸ்டரைத் திறந்தது.

மூன்றாவது, பெயர். மேற்குப் பக்கம் கேரக்டர்களை வைத்துக்கொள்ளலாம், ஆனால் 'மார்வெல்' என்ற சொல்லை ரைடின் பெயரிலோ விளம்பரத்திலோ போடக்கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. 2021-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னி திறந்த பகுதிக்கு 'மார்வெல் லேண்ட்' என்று பெயர் வைக்காமல் 'அவெஞ்சர்ஸ் கேம்பஸ்' என்று வைத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். 400 கோடி டாலர் கொடுத்து வாங்கிய பெயர், அதை போர்டில் எழுத வழியில்லை!

இன்னொன்றும் சொல்லணும். ஸ்பைடர்மேனின் சினிமா உரிமை சோனியிடம். காமிக்ஸ் மார்வெலிடம். ஆர்லாண்டோ பூங்கா உரிமை யுனிவர்சலிடம். ஒரே ஆள், மூன்று சாவி, மூன்று வீடு. 'கேரக்டரின் உரிமை' என்று ஒருமையில் பேசுவதே தப்பு. அது பல உரிமைகளின் கட்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து விற்கலாம்.

பதிலுக்குப் பதில்

டிஸ்னி சும்மா இருந்ததா என்றால் இல்லை. 2010 ஜூன் மாதம் யுனிவர்சல் ஹாரி பாட்டர் பகுதியைத் திறந்தது. துறை மதிப்பீடுகளின்படி, 2009-ல் சுமார் 46 லட்சம் பேர் வந்த ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சருக்கு 2011-ல் சுமார் 76 லட்சம் பேர் வந்தார்கள். ஒரு கேரக்டர் உரிமம் ஒரு பூங்காவின் தலையெழுத்தையே மாற்றும் என்பதற்கு இதுதான் சாட்சி.

அதே 2011-ல் டிஸ்னி, ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' உலகத்துக்கு உரிமம் வாங்கியதாக அறிவித்தது. 'பண்டோரா' பகுதி 2017-ல் திறந்தது. அவதார் அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்தின் படம். ஆக, டிஸ்னியும் அங்கே குடித்தனக்காரர்தான். 2019-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபாக்ஸின் பெரும்பகுதியையே 7,100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 'சிம்ப்சன்ஸ்' ஃபாக்ஸின் சொத்து. யுனிவர்சலில் 2008 முதல் சிம்ப்சன்ஸ் ரைடு ஓடிக்கொண்டிருந்தது. ஃபாக்ஸ் கைமாறியதும், யுனிவர்சலில் இன்னொரு ரைடுக்கும் டிஸ்னி வீட்டு ஓனர் ஆகிவிட்டது.

யுனிவர்சல் அடுத்த பக்கம் போய் நிண்டெண்டோவைப் பிடித்தது. மாரியோவின் உலகம் 2021-ல் ஜப்பானின் ஒசாகாவிலும், 2023-ல் ஹாலிவுட்டிலும், 2025 மே மாதம் ஆர்லாண்டோவில் 'எபிக் யுனிவர்ஸ்' என்ற புதுப் பூங்காவிலும் திறந்தது.

இந்தப் பகைக்கு வயசு என்ன?

1994-க்கும் ரொம்ப முன்னாடி போகணும். 1927-ல் வால்ட் டிஸ்னி, யுனிவர்சலுக்காக ஆஸ்வால்ட் என்ற முயல் கேரக்டரை வைத்து கார்ட்டூன் படங்கள் எடுத்துக் கொடுத்தார். படம் ஹிட். 1928-ல் கூடுதல் பணம் கேட்கப் போனார். இடைத்தரகராக இருந்த தயாரிப்பாளர் சார்லஸ் மின்ட்ஸ், கூட்டவில்லை, குறைக்கப் பார்த்தார். டிஸ்னியின் ஓவியர்களில் பெரும்பாலானவர்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முயல் யுனிவர்சலின் சொத்து என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வரைந்தவர் வெறும் கையோடு வெளியே வந்தார்.

அந்த அடிக்குப் பிறகு பிறந்தவர்தான் மிக்கி மவுஸ். இந்த முறை உரிமையை வால்ட் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆஸ்வால்ட் திரும்பி வந்தது 2006-ல். டிஸ்னியின் ஏ.பி.சி., ஈ.எஸ்.பி.என். சேனல்களில் இருந்த பிரபல விளையாட்டு வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸ், என்.பி.சி.க்குப் போக விரும்பினார். என்.பி.சி.யும் யுனிவர்சலும் அப்போது ஒரே நிறுவனம். "அவரை விடறோம், எங்க முயலைக் கொடுங்க" என்று பேசி, சில ஒளிபரப்பு உரிமைகளோடு சேர்த்து டிஸ்னி ஆஸ்வால்டை வாங்கிக்கொண்டது. ஒரு மனுஷனைக் கொடுத்து ஒரு கார்ட்டூன் முயல்!

நமக்கு இதுல என்ன?

1994-ல் கையெழுத்துப் போட்ட மார்வெல்காரர்கள் முட்டாள்கள் இல்லை. அன்றைக்கு அவர்களிடம் இருந்த பலத்துக்கு அது நியாயமான ஒப்பந்தம். பிரச்சினை, அன்றைய நிலைமை சீக்கிரமே மாறிவிட்டது. எழுத்து மட்டும் மாறவில்லை.

நாமும் சீக்கிரம் கையெழுத்துப் போடப் போகிறோம். ஆஃபர் லெட்டர், இன்டர்ன்ஷிப் பேப்பர், ஹேக்கத்தான் விதிமுறைகள், ஃப்ரீலான்ஸ் லோகோ. நம்ம நாட்டுக் காப்புரிமைச் சட்டத்திலேயே, வேலையின் பகுதியாக நீங்கள் எழுதும் கோடுக்கு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, முதலாளிதான் முதல் உரிமையாளர். ஒரு படைப்பின் உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று அதே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நடைமுறையில் நம்மிடம் நீட்டப்படும் தாள்களில் அந்த இடங்கள் அநேகமாகக் காலியாக இருக்காது. 'என்றென்றைக்கும்', 'உலகம் முழுக்க' என்று நிரப்பி வைத்திருப்பார்கள்.

அதனால் பேனாவை எடுக்கும் முன் நாலு கேள்வி: எதைக் கொடுக்கிறேன்? எந்த எல்லைக்குள்? எத்தனை காலத்துக்கு? நாளைக்கு அந்தக் கம்பெனியை வேறொருத்தர் வாங்கினால் என்ன ஆகும்?

மார்வெலை விலைக்கு வாங்கிய டிஸ்னியாலேயே மாற்ற முடியாத எழுத்து அது. நம்மால் மாற்ற முடிவது கையெழுத்துக்கு முன்னாடி மட்டும்தான்.